பிழைத்து வந்தவருக்கு வீட்டார் செய்யும் நன்றி
(ஒத்தக்கடையில் கிராமத் தம்பதிகளுக்கு நிகழ்த்திய சுகாதார உரை)



குடும்பநலக் கூட்டம் என்றவுடன், "மாத்திரை, காப்பர்-டி, ஆபரேஷன்னு அதே பேச்சுத்தானே" என்று சிலர் பின்வரிசையில் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அதையும் பேசுவேன், ஆனால் இன்றைக்குக் கடைசியில்தான் பேசுவேன். குடும்பநலம் என்பது எத்தனை பிள்ளை பெறுவது என்ற கணக்கு மட்டுமல்ல. பெற்ற பிள்ளையும், கட்டிய கணவனும், வீட்டு மருமகளும் கை கால் சுகத்தோடு மாலையில் வீடு வந்து சேருவதும் குடும்பநலந்தான். மார்கழி, தை மாதங்களில் நம் மேலூர் ரோட்டில் போய் வருகிறவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

நம் பக்கத்தில் குளிர்காலம் என்றால் வடநாட்டைப் போல உறைபனி கிடையாது. ஆனாலும் பெரியாற்றுப் பாசன வயல்களும் கண்மாய்களும் ரோட்டை ஒட்டியே கிடப்பதால், அதிகாலை நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை பனிமூட்டம் தாழ இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் பூக்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் மாட்டுத்தாவணிக்குப் போகவேண்டியிருக்கிறது. பால்காரர் போகிறார். சபரிமலைக்குப் போய் இராத்திரி முழுக்கத் தூங்காமல் திரும்பும் வேன்கள் வருகின்றன. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் கூட்டம் ரோட்டோரம் வருகிறது. பொங்கல் நெருங்க நெருங்க, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின்விளக்கு இல்லாமல், சமயத்தில் ரோட்டோரமே நின்றுகொண்டும் இருக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. முப்பது மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத பனியில், முன்னால் நிற்கும் டிரெய்லரைப் பார்த்தபின் ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிகூட இல்லை. பெரிய விளக்கைப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பனியில் அந்த வெளிச்சம் திரும்ப நம் கண்ணிலேயே அடிக்கும். விளக்கைத் தாழ்த்திப் போட்டு, வேகத்தைக் குறைக்கவேண்டும். அது ஒன்றுதான் வழி.

விபத்தில் சிக்கி, கடவுள் புண்ணியத்தில் பிழைத்து வந்தவர்களின் வீடுகளுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். "பாண்டி கோயிலுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறோம், நீங்களும் வரணும்" என்பார்கள். "அழகர்கோவிலுக்கு முடி இறக்குறதா வேண்டியிருக்கோம்" என்பார்கள். அந்த நன்றியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஐ.சி.யு. வாசலில் மூன்று இரவு உட்கார்ந்திருந்த தாய்க்கு அந்த வேண்டுதல்தான் துணையாக இருந்தது. ஆனால் கறிச்சோறு சாப்பிட்டு முடித்து, மருமகனும் மகளும் நடுவில் குழந்தையும் ஒரே மோட்டார் சைக்கிளில், மூன்று தலையிலும் ஹெல்மெட் இல்லாமல் புறப்படுகிறார்கள், பாருங்கள், அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஹெல்மெட் எங்கே என்றால் வண்டிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பதில் வரும்.

நன்றி என்பதை எப்படிச் செய்யலாம் என்பதற்கு, நாடறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கிரிக்கெட் பார்க்கும் தம்பிமாருக்குத் தெரிந்த கதைதான். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, வடநாட்டுக் கடுங்குளிர், விடிவதற்கு முன்னான நேரம். இந்திய அணியின் விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த், டில்லியிலிருந்து ரூர்க்கியில் இருக்கும் தன் தாயாரைப் பார்க்கத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனார். புத்தாண்டுக்கு அம்மா முன்னால் திடீரென்று போய் நிற்கவேண்டும் என்று ஆசை. ரூர்க்கிக்கு அருகில் கார் நடுத்தடுப்பில் மோதிப் புரண்டது. பிறகு தீப்பிடித்து எரிந்தே போயிற்று. ஓட்டும்போது கண் அயர்ந்துவிட்டதாக அவரே சொன்னார் என்று போலீசார் அப்போது தெரிவித்தார்கள். இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே மனித உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். இருபத்தைந்து வயதுப் பயில்வானானாலும் சரி, அந்த நேரத்தில் டீ குடித்து அதை ஏமாற்ற முடியாது.

எதிரே ஹரியானா அரசுப் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பெயர் சுசீல் குமார், நடத்துநர் பெயர் பரம்ஜீத். இருவரும் பேருந்தை நிறுத்தி இறங்கி ஓடினார்கள். அடிபட்டவரை வண்டியிலிருந்து அப்பால் கொண்டுவந்தார்கள், துணியைப் போர்த்தினார்கள், ஆம்புலன்சுக்குத் தகவல் போயிற்று. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி என்னவென்றால், அந்த ஓட்டுநருக்குக் கிரிக்கெட் பார்க்கும் பழக்கமே இல்லை. அடிபட்டுக் கிடப்பவர் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. பெரிய ஆள் என்று தெரிந்து ஓடவில்லை. ஒரு மனிதன் ரத்தத்தோடு கிடக்கிறான் என்றுதான் ஓடினார். பிறகு ஹரியானா போக்குவரத்துத் துறை இருவரையும் பாராட்டிக் கௌரவித்தது. அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க உதவிய இரண்டு இளைஞர்களுக்கு, 2023 ஜனவரியில் பந்த் பெயர் சொல்லி, ஊரறிய நன்றி எழுதினார். வலது முழங்கால் சவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி, பதினாலு மாதத்துக்கு மேல் பயிற்சி செய்து, 2024 மார்ச்சில்தான் மறுபடியும் மட்டையைக் கையில் பிடித்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் உலகக்கோப்பை வென்ற அணியிலும் ஆடினார்.

"அவருக்குப் பணம் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நமக்கு யாரிருக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவரைக் காப்பாற்றிய முதல் பத்து நிமிடத்தில் பணம் வேலை செய்யவில்லை. வழிப்போக்கர் நாலு பேர்தான் வேலை செய்தார்கள். அது நமக்கும் கிடைக்கும்; நம்மாலும் கொடுக்க முடியும்.

"தூக்கினா போலீஸ் கேஸ் வரும், கோர்ட்டுக்கு அலையணும்" என்ற பயம் நம் ஜனங்களுக்குப் பரம்பரையாக இருக்கிறது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2004ஆம் ஆண்டிலிருந்து நம் ஒத்தக்கடைப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாமே சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கினால் எப்படி? சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். விபத்தில் வந்தவருக்கு அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், போலீஸ் காகிதத்துக்குக் காத்திராமல் முதலில் உயிர்காக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1989லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உதவி செய்கிறவர்களைத் துன்புறுத்தக்கூடாது என்ற வழிமுறைகளுக்கு அதே கோர்ட் 2016 மார்ச் 30 அன்று சட்டபலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போடமுடியாது. விருப்பமில்லாவிட்டால் அவர் தன் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே தூக்குகிற கை இனிமேல் தயங்கவேண்டாம்.

ஆனால் எப்படித் தூக்குவது? இதில்தான் நல்ல மனசோடு கெடுதல் செய்துவிடுகிறோம். கையை ஒருவர், காலை ஒருவர் என்று மூட்டையைப் போலத் தூக்கி ஆட்டோவுக்குள் மடக்கி வைக்கிறோம். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலில் ஆயுசுக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விடும். நெருப்போ, மேலே ஏறிவரும் வண்டியோ ஆபத்தாக இருந்தாலொழிய, ஆம்புலன்ஸ் வரும்வரை கிடந்த இடத்திலேயே விட்டு, பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்து நிறுத்துங்கள். நகர்த்தித்தான் ஆகவேண்டுமென்றால் மூன்று நாலு பேர் சேர்ந்து, தலை, கழுத்து, உடம்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, பலகையைத் தூக்குவதுபோல ஒன்றாகத் தூக்கவேண்டும். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருக்கிறவரை, அதேபோல ஒன்றாகத் திருப்பி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் வெளியே வழியட்டும். மாட்டியிருக்கும் ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. முன்கண்ணாடியைத் திறந்துவிட்டால் போதும்.

ரத்தம் கொட்டுகிற இடத்தில் தோளில் கிடக்கும் சுத்தமான துண்டை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். துண்டு நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்கிற ரத்தமும் நிற்காது. காப்பித்தூள், மண், மஞ்சள்தூள் எதுவும் காயத்தில் வேண்டாம். தண்ணீர், சோடா வேண்டவே வேண்டாம். நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். மயக்க மருந்து கொடுக்கவேண்டி வந்தாலும் அது இடைஞ்சல். "தாகமா இருக்குன்னு கேக்குறாரே" என்று மனசு இளகும். உதட்டை மட்டும் ஈரத்துணியால் ஒற்றுங்கள், அத்தோடு சரி.

108 எண் நம் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. போன் போட்டு "மேலூர் ரோட்ல ஆக்சிடெண்ட்" என்று மட்டும் கத்திவிட்டு வைத்துவிடாதீர்கள். மேலூர் ரோடு நீளமானது. வேளாண்மைக் கல்லூரிக்கு எதிரிலா, ஐகோர்ட் வாசலா, சிட்டம்பட்டி டோல்கேட்டைத் தாண்டியா, மதுரைக்குப் போகும் பக்கமா, மேலூருக்குப் போகும் பக்கமா என்று சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொன்னபின் வையுங்கள்.

செலவைப் பற்றிய பயமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தார், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். மத்திய அரசும் 2025 மே மாதத்தில், ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணமில்லாச் சிகிச்சை என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. மதுரை அரசு இராசாசி ஆஸ்பத்திரியோ நமக்குக் கூப்பிடு தூரம் மாதிரி. நகையை அடகு வைத்துவிட்டு வருகிறேன் என்று முதல் மணி நேரத்தை வீட்டில் கழிக்கவேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். தலைக்காயத்துக்கும் உள்ரத்தக் கசிவுக்கும் அந்த முதல் மணி நேரந்தான் தங்கம்.

இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். வண்டியிலிருந்து விழுந்தவர் தானே எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு நடந்து வந்துவிடுவார். காப்பி குடித்துவிட்டுப் படுப்பார். மண்டை ஓட்டுக்குள் சிறுகச் சிறுகக் கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் மூளையை அழுத்தும். வீட்டார், அலுப்பில் தூங்குகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் எழுப்பினால் எழுவதில்லை. தலையில் அடிபட்டு ஒரு நிமிடமாவது நினைவு தப்பியிருந்தால், வெளியில் காயமே இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். வீட்டில் இருந்தாலும் முதல் இரண்டு நாள், இரவில் இரண்டொரு தடவை எழுப்பி, பெயரைக் கேட்டுப் பேசிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண் பாப்பா பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கர்ப்பிணி விழுந்தால், சிராய்ப்புக்கூட இல்லையென்றாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வயிற்றுக்குள் நஞ்சுக்கொடி விலகியிருப்பது வெளியே தெரியாது. மாமியார்மார் இதில் கோபித்துக்கொள்ளக்கூடாது. "நாங்கள்லாம் விழுந்து எந்திரிச்சுப் பிள்ளை பெறலையா?" என்ற பேச்சு இந்த இடத்தில் வேண்டாம், ஆத்தா.

சரி, ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்தாயிற்று. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இனிமேல்தான் வீட்டாருக்கு உண்மையான வேலை. எலும்பு கூடவேண்டுமானால் உடம்புக்குச் சத்து வேண்டும். முட்டை, பருப்பு, கீரை, மீன் எல்லாவற்றையும் பத்தியம் என்ற பெயரில் நிறுத்திவிட்டுக் கஞ்சியை மட்டும் ஊற்றினால் எதை வைத்து எலும்பு கூடும்? படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். அந்தப் புண் எலும்பு முறிவைவிடத் தொல்லை. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிற இடங்களுக்கு ஓடுகிறவர்கள், விரல் நுனி கறுத்தால், மரத்தால், அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க நேரலாம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று சொல்லவேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

தலையில் அடிபட்டவர் சில மாதம் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார், மறப்பார், காரணமில்லாமல் அழுவார். "இந்த மனுசனுக்காகவா ராப்பகலா கண் முழிச்சேன்" என்று மனைவிக்கு மனம் கசந்துபோகும். அம்மா, அது அவருடைய குணமல்ல. மூளையில் பட்ட காயம். அதற்கும் வைத்தியம் உண்டு, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணவன்மாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஆண்பிள்ளை அடிபட்டு வந்தால் ஆறு மாதம் கட்டில். வீட்டுக்காரி அடிபட்டு வந்தால் ஆறாவது நாள் அடுப்படி. இது எந்த ஊர் நியாயம்? மாவுக்கட்டுப் போட்ட கையோடு குடம் தூக்க விடுகிற வீட்டில் கிடா வெட்டி என்ன பிரயோசனம் என்று நான் நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தச் செய்தி. கால் முறிந்து வாரக்கணக்கில் படுக்கையில் இருக்கப்போகும் பெண், தினமும் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைகிற ஆபத்தை இந்த மாத்திரை கூட்டும். வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள்; கூட வந்த கணவனுக்கோ மாத்திரையின் பெயரே தெரிவதில்லை. வேறு முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஆணுறை இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது. கணவர் படுக்கையிலிருந்து எழுந்து வேலைக்குப் போகும்வரை அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவதும் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவேண்டிய காரியம்.

நன்றிக்கு வருகிறேன். நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்துங்கள். அந்தச் செலவோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின்னால் உட்காருகிறவருக்கு ஒன்று. பட்டையை மோவாய்க்குக் கீழே பூட்டினால், தலைக்காயம் நேரும் வாய்ப்பை நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வைத்த மல்லிகை கசங்குகிறது என்று பெண்கள் சொல்வது எனக்குத் தெரியும். போய் இறங்கிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம், அம்மா. மதுரையில் மல்லிகைக்கா பஞ்சம்? முந்தானையையும் துப்பட்டாவையும் சொருகிக்கொண்டு உட்காருங்கள். பின்சக்கரத்தில் சேலை மாட்டாமலிருக்கத் தகடு பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ரத்தம். உங்கள் வீட்டாருக்கு ஏற்றிய பாட்டில் ரத்தம் யாரோ முகம் தெரியாதவர் கொடுத்தது. அவர் வீடு தேடிப்போய் நன்றி சொல்ல முடியாது. அதே ரத்த வங்கியில் போய்த் திருப்பிக் கொடுக்கலாம். 18 வயதிலிருந்து 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கொடுக்கவேண்டாம். எடுப்பது 350 மில்லிதான். நீங்கள் கொடுக்கும் ரத்தம் இன்னொரு விபத்துக்காரருக்கும் போகலாம், பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் தவிக்கும் ஒரு தாய்க்கும் போகலாம். ஆகவேதான் ரத்ததானத்தை நான் குடும்பநலக் காரியமாகவே எண்ணுகிறேன்.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், முதல் தகவல் அறிக்கை நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்பவர்கள், 2022 ஏப்ரல் முதல் வந்த விதிப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் தர ஒரு திட்டம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். ஆறு மாதம் என்பது படுக்கையில் கிடப்பவர் வீட்டில் சீக்கிரம் ஓடிவிடும்.

நேரம் ஆகிவிட்டது, தோட்டத்துக்கும் மாட்டுக்கும் போகிறவர்கள் போகவேண்டும். நம் சுகாதாரச் செவிலியர் அந்தப் பந்தலுக்குக் கீழே எடையும் ரத்தமும் பார்க்க உட்கார்ந்திருக்கிறார், கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றைக்கே பெயர் பதிந்துகொள்ளலாம். முன்வரிசையில் அந்த அம்மா அப்போதிருந்தே ஏதோ கேட்க வாயெடுக்கிறார். கேளுங்கள், அம்மா.